ஐம்பது மைல் தள்ளிப் பெய்த பனி: 2015 ஜனவரி நியூயார்க் முன்னறிவிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரி 26, திங்கட்கிழமை இரவு 11 மணிக்கு நியூயார்க் நகரத்தின் சுரங்க ரயில் சேவை நிறுத்தப்பட்டது. 1904-இல் தொடங்கிய அந்தச் சேவை, பனிப்பொழிவை முன்னிட்டு முற்றிலுமாக நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அதே நேரத்திலிருந்து, அவசர ஊர்திகளைத் தவிர வேறு வாகனம் எதுவும் சாலைக்கு வரக் கூடாது என்ற தடையும் நடைமுறைக்கு வந்தது. நகரில் 20 முதல் 30 அங்குலம் வரை, அதாவது 50 முதல் 76 சென்டிமீட்டர் வரை, பனி குவியும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவையின் அப்டன் அலுவலகம் அறிவித்திருந்தது. நகர வரலாற்றின் மிகப் பெரிய பனிப்புயல்களில் ஒன்றாக இது அமையக்கூடும் என்று மேயர் பில் டி பிளாசியோ மக்களை எச்சரித்திருந்தார். புயல் கடந்த பிறகு கணக்கிட்டபோது, சென்ட்ரல் பார்க்கில் பதிவான மொத்தப் பனி 9.8 அங்குலம்.

அதே புயலில் லாங் ஐலண்ட் தீவின் கிழக்குப் பாதியான சஃபோக் கவுண்டியின் பல ஊர்களில் 2 அடிக்கும் மேல் பனி விழுந்தது. பாஸ்டனில் 24.6 அங்குலமும், மாசச்சூசெட்ஸின் உட்பகுதியில் உள்ள வூஸ்டரில் 34.5 அங்குலமும் பதிவாயின. வூஸ்டரின் பதிவேட்டில் ஒரே புயலில் அதுவரை அவ்வளவு பனி விழுந்ததில்லை. மேற்கே ஃபிலடெல்ஃபியாவிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. ஓர் அடி வரை எதிர்பார்க்கப்பட்ட அந்நகரில் 2 அங்குலம்கூடத் தேறவில்லை.

முன்னறிவிப்பு பொய்த்ததால் நிர்வாகத்துக்கு ஏற்பட்ட இழப்பும் சங்கடமும் அப்போதே நிறைய எழுதப்பட்டுவிட்டன. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொரு தரப்பினரை: பனியை ஒரு தொல்லையாக நினைக்காமல், அது வர வேண்டும் என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் ஆர்வலர்களை. அந்த மூன்று நாள்களில் அத்தகைய ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த தகவல்கள் யாவை, அவற்றை அவர்கள் பொதுவாக எப்படிப் படித்தார்கள், எப்படிப் படித்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை அவ்வளவு கசந்திருக்காது என்பவையே இங்கு எழுப்பப்படும் கேள்விகள்.

காத்திருப்பவர்கள்

நியூயார்க் நகரம் பனிக்குப் பேர்போன ஊரன்று. 1991 முதல் 2020 வரையிலான கணக்கின்படி சென்ட்ரல் பார்க்கின் பருவச் சராசரி சுமார் 30 அங்குலம். ஆனால் அந்தச் சராசரியைக் கொண்டு எந்த ஒரு குளிர்காலத்தையும் கணித்துவிட முடியாது; சில ஆண்டுகளில் அதன் இருமடங்கும் சில ஆண்டுகளில் அதில் ஒரு சிறு பங்கும் விழுகின்றன. 2022-23 குளிர்காலம் முழுவதற்கும் விழுந்தது 2.3 அங்குலம் மட்டுமே. 1869-இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அத்தனை குறைவான பருவம் வேறில்லை. 2024 ஜனவரி 16-இல் ஒரு வழியாக ஒரே நாளில் ஓர் அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தபோது, அத்தகைய நாள் ஒன்றுகூட இல்லாமல் 701 நாள்கள் கழிந்திருந்தன. கடலோரத்தில், உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாக வெப்பநிலை ஊசலாடும் ஒரு நகரத்தில், பருவம் முழுவதன் கதையையும் ஓரிரு புயல்களே தீர்மானித்துவிடுகின்றன. எனவே ஒரு புயல் தவறினால் அந்த ஆண்டே தவறிப்போனதாக ஆர்வலர்கள் உணர்வது மிகையுணர்ச்சியன்று. கணக்கும் அவர்கள் பக்கமே இருக்கிறது.

இவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். மறுநாள் பள்ளிக்கு விடுமுறை கிடைக்க வேண்டும் என்பதற்காக இரவு உடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டும், தலையணைக்கு அடியில் கரண்டியை வைத்துக்கொண்டும் உறங்கும் அமெரிக்கக் குழந்தைகள் ஒரு முனை. மறுமுனையில், வளிமண்டலத்தின் போக்கைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் கணினி மாடல்களின் புதிய முடிவுகள் வெளியாகும் நேரங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள். முக்கிய மாடல்கள் உலக நேரப்படி நள்ளிரவு, காலை 6, நண்பகல், மாலை 6 ஆகிய நேரங்களின் அவதானிப்புகளிலிருந்து கணக்கிடத் தொடங்குகின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்கால நேரம் அதற்கு 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், மாலை 7 மணி நிலவரத்திலிருந்து தொடங்கும் கணிப்பு இரவில்தான் கைக்கு வரும்: அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் பத்தரை மணியை ஒட்டி, ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல் நள்ளிரவைத் தாண்டி ஒரு மணியை ஒட்டி. ஜனவரி மாதத்தில் நள்ளிரவு ஒரு மணிக்கு விழித்திருப்பதை இவர்கள் ஒரு தியாகமாகவே கருதுவதில்லை.

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் நாள்களில், ஐரோப்பிய மாடல் இப்படிச் சொல்கிறது, ஜிஎஃப்எஸ் அப்படிச் சொல்கிறது என்று தமிழ்நாட்டு வானிலை ஆர்வலர்கள் வாதிடுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சியாகவே இருக்கும். இரண்டு இடங்களிலும் பார்க்கப்படுபவை அதே மாடல்கள்தாம்.

எந்த மாடலை நம்புவது

சனிக்கிழமை வரை நியூயார்க்கில் இந்தப் புயல் பற்றிப் பெரிய பரபரப்பு இல்லை. அன்று வேறொரு சிறிய புயல் நகரத்தில் சில அங்குலப் பனியைத் தூவிவிட்டுச் சென்றிருந்தது. அதைப் பற்றிய பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐரோப்பிய மாடல் நகரத்தின் மேல் 2 அடியை ஒட்டிய பனியைக் காட்டத் தொடங்கியது. வட அமெரிக்காவுக்கென்றே நுணுக்கமாகக் கணக்கிடும் என்ஏஎம் மாடலும் அதே திசையில் சென்றது. ஜிஎஃப்எஸ் மட்டும் தாழ்வழுத்த மையத்தைச் சற்றுக் கிழக்கே வைத்து, நகரத்துக்கு ஓர் அடியை ஒட்டிய அளவையோ அதற்கும் குறைவையோ காட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு முன்கதையைச் சொல்லியாக வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி அட்லாண்டிக்கிலிருந்து மேற்கே திரும்பி நியூஜெர்சியைத் தாக்கும் என்பதை ஐரோப்பிய மாடல் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே காட்டியது. அமெரிக்க மாடல் அதைக் கடலுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்து பிறகுதான் வழிக்கு வந்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு கிழக்குக் கரையில் ஐரோப்பிய மாடலுக்குக் கிடைத்த மதிப்பு சாதாரணமானதன்று. தொழில்முறை வானிலையாளர்களும் ஆர்வலர்களும் ஒருசேர, இரண்டும் முரண்பட்டால் ஐரோப்பியர்கள் பக்கம் சாய்வதே அறிவுடைமை என்று எண்ணப் பழகியிருந்தார்கள். 2015 ஜனவரி 14-இல், அதாவது இந்தப் புயலுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், ஜிஎஃப்எஸ் மாடல் பெரிய அளவில் மேம்படுத்தப்பட்டு, வளிமண்டலத்தை அது பிரித்துக் கணக்கிடும் கட்டங்களின் அளவு சுமார் 13 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. ஆனால் புதிய மாடலின் குணம் எப்படி என்பதை ஒரு பெரும் புயலில் பார்த்த அனுபவம் எவருக்கும் இன்னும் வாய்க்கவில்லை. பழைய மதிப்பெண்களை வைத்தே புதிய தேர்வின் முடிவு தீர்மானிக்கப்பட்டது.

தொழில்முறை வானிலையாளர்கள் ஐரோப்பிய மாடலைத் தேர்ந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. நீண்டகாலச் சராசரியில் அது உண்மையிலேயே முன்னணியில் இருந்தது. ஆர்வலர்கள் அதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை: அது அதிகப் பனியைக் காட்டியது. பனி ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக உள்ள பழக்கம் இது. எந்த மாடல் தன் வீட்டு வாசலில் அதிகமாகக் கொட்டுகிறதோ அன்றைக்கு அதுவே நம்பத்தக்க மாடல். மறுநாள் அது அளவைக் குறைத்தால், உள்ளீட்டில் ஏதோ பிழை, அடுத்த கணிப்பில் சரியாகிவிடும். ஜிஎஃப்எஸ் தனித்து நின்றபோது அதன் மாறுபாட்டைப் பலர் பிழையாகவே வகைப்படுத்தினார்கள். ஒரு நல்ல மாடல் தனித்து நிற்கும்போது, அது தவறாக இருக்கலாம் என்பதோடு, மற்றவற்றின் முடிவு அவை காட்டும் அளவுக்கு உறுதியானதன்று என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டாவது செய்தியைப் படிப்பதற்குத்தான் ஆர்வமே தடையாகிவிடுகிறது.

ஒரே மாடலை, தொடக்க நிலவரத்தில் சிறு சிறு மாற்றங்கள் செய்து பலமுறை ஓட்டிப் பார்க்கும் குழுக் கணிப்பு முறை அப்போதும் இருந்தது. ஐரோப்பிய மையத்தின் குழுவில் 51 உறுப்பினர்கள் உண்டு. அந்த 51 கணிப்புகளும் ஒரே இடத்தில் குவிந்தால் நம்பிக்கை கூடும், சிதறினால் குறையும். எங்கே எவ்வளவு பனி விழும் என்பதை நிறங்களால் காட்டி, எல்லோரும் பகிர்ந்துகொண்ட அந்த வண்ணப் படமோ குழுவினுடையதன்று, தனியொரு உயர்நுணுக்கக் கணிப்பினுடையது. அடர் ஊதா நிறம் மன்ஹாட்டன் மேல் விழுந்திருந்த அந்தப் படத்தில், அது எத்தனை சாத்தியங்களில் ஒன்று என்று சொல்லும் குறிப்பு எதுவும் இல்லை.

புயலின் ஓரம்

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்வதற்கு, நார்ஈஸ்டர் என்று அழைக்கப்படும் இக்கரையோரப் புயல்களின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கனடாவின் மேற்குப் பகுதியிலிருந்து வேகமாக இறங்கிவரும் ஒரு சிறிய தாழ்வழுத்தம், அப்பலாச்சியன் மலைகளைக் கடந்து அட்லாண்டிக் கரையை அடையும்போது, குளிர்ந்த நிலத்துக்கும் வெதுவெதுப்பான கடலுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டில் புதிய உயிர் பெறுகிறது. பழைய மையம் தேய்ந்து, கடல்மேல் புதிய மையம் ஒன்று சில மணி நேரத்துக்குள் வலுப்பெறுகிறது. 2015 ஜனவரிப் புயல் இந்த வகையைச் சேர்ந்தது. புதிய மையம் எந்த இடத்தில், எந்த மணியில் உருவாகிறது என்பதைப் பொறுத்தே யாருக்குப் பனி, யாருக்கு வெறும் காற்று என்பது முடிவாகும். அது உருவாவதற்கு முன் அந்த இடத்தை 30 அல்லது 40 மைல் துல்லியத்தில் சொல்வது இன்றும் கடினமான காரியம்.

அதோடு, நார்ஈஸ்டரில் பனி ஒரு போர்வை விரித்ததுபோல் எங்கும் சமமாக விழுவதில்லை. மையத்துக்கு வடமேற்கே, குறுகிய பட்டைகளில் காற்று மிக வேகமாக மேலெழுகிறது. அந்தப் பட்டைக்குக் கீழே மணிக்கு 2, 3 அங்குலம் என்ற விகிதத்தில் பனி கொட்டும். மேலெழுந்த காற்று அருகிலேயே எங்கேனும் கீழிறங்கியாக வேண்டும்; இறங்கும் காற்று வறண்டு, மேகத்தைக் கரைத்துவிடுகிறது. ஆகவே கடும் பனிப் பட்டையின் மேற்கு விளிம்பை ஒட்டியே, பனி ஏறக்குறைய நின்றுபோகும் ஒரு பகுதியும் அமைந்துவிடுகிறது. ஜனவரி 26 இரவில் அந்தப் பட்டை லாங் ஐலண்டின் கிழக்குப் பாதி, கனெக்டிகட்டின் கிழக்குப் பகுதி, ரோட் ஐலண்ட், மாசச்சூசெட்ஸ் ஆகியவற்றின் மேல் நிலைகொண்டது. மன்ஹாட்டன் அதற்கு வெளியே இருந்தது.

தேசிய வானிலை சேவையின் அன்றைய இயக்குநர் லூயி உச்செல்லினி மறுநாள் செய்தியாளர்களிடம் அளித்த விளக்கத்தின் சாரமும் இதுவே: புயல் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 50 முதல் 100 மைல் கிழக்கே அமைந்தது. இதே கரையோரப் பனிப்புயல்களைப் பற்றிய ஆராய்ச்சியால் அறியப்பட்டவர் அவர் என்பது இந்நிகழ்வின் ஒரு முரண். ஆயிரம் மைல் அகலமுள்ள ஓர் அமைப்பில் 50 மைல் பிழை என்பது அறிவியல் நோக்கில் வியக்கத்தக்க துல்லியம். பாஸ்டனுக்குச் சொன்னது பலித்தது. கிழக்கு லாங் ஐலண்டுக்குச் சொன்னது பலித்தது. பிழை முழுவதும் மேற்கு விளிம்பில் குவிந்தது. அந்த விளிம்புக்குக் கீழேதான் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் இருந்தது.

ஆகவே, ஆர்வலர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி, எத்தனை அங்குலம் விழும் என்பதன்று. கடும் பனிப் பகுதியின் விளிம்பு தன் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே. ஒரு நாளைக்கு முன் செய்யப்படும் கணிப்பில் மையத்தின் பாதை 50 மைல் விலகுவது வழக்கமான பிழை. படத்தில் 24 அங்குலக் கோட்டுக்கும் 8 அங்குலக் கோட்டுக்கும் இடையே அதே அளவு தூரமே இருந்தால், நடுவில் வாழ்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சாத்தியமானவை. பாஸ்டன் ஆர்வலர் அன்று நிம்மதியாக இருந்ததற்குக் காரணம், அவருடைய ஊர் படத்தின் நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் 50 மைல் நகர்ந்தாலும் அவருக்குப் பனி உறுதி. நியூயார்க் ஆர்வலருக்கும் பாஸ்டன் ஆர்வலருக்கும் அறிவிக்கப்பட்ட அங்குலங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவற்றின் உறுதி ஒன்றாக இல்லை. அறிவிப்பின் வடிவம் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை.

திங்கட்கிழமை

நகர நிர்வாகம் ஏன் உச்ச எண்ணை எடுத்துக்கொண்டது என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2010 டிசம்பர் 26, 27 தேதிகளில் சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலப் பனி விழுந்தபோது, பல தெருக்கள் நாள்கணக்கில் அகற்றப்படாமல் கிடந்தன, ஆம்புலன்ஸ்கள் சிக்கிக்கொண்டன, அன்றைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க் கடும் விமர்சனத்துக்கு உள்ளானார். அதை நினைவில் வைத்திருந்த எந்த மேயரும் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டார். மக்களும் அப்படியே. திங்கட்கிழமை நண்பகலுக்குள் பல கடைகளில் ரொட்டியும் பாலும் இருந்த அடுக்குகள் காலியாகியிருந்தன.

ஆர்வலரின் நிலை வேறு. தவறான எச்சரிக்கையால் அவருக்கு இழப்பு கிடையாது; ஏமாற்றம் மட்டுமே உண்டு. எனவே உச்ச எண்ணைப் பிடித்துக்கொள்ள அவருக்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டதெல்லாம் நிர்வாகத்துக்காகச் சொல்லப்பட்ட எண். இழப்பைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படும் எண்ணும், நடக்க அதிக வாய்ப்புள்ளது எது என்பதைச் சொல்லும் எண்ணும் ஒன்றல்ல என்பதை மறந்ததே, என் பார்வையில், அன்று ஆர்வலர்களின் முதல் பிசகு.

திங்கட்கிழமை பகலில் பனி பெய்யத்தான் செய்தது. மாலைக்குள் சில அங்குலம் சேர்ந்திருந்தது. முக்கியமான பகுதி இரவில் வரும் என்று சொல்லப்பட்டது. இந்தக் கட்டத்தில், மாடல்களைவிட மதிப்புள்ள தகவல்கள் வரத் தொடங்கியிருந்தன. கடலில் மிதவைகள் அழுத்தம் எங்கே வேகமாக விழுகிறது என்பதைக் காட்டும். காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் வானில் ஏவப்படும் பலூன்கள் மேல்மட்டக் காற்றின் ஈரத்தைச் சொல்லும். அவற்றில் ஒன்று லாங் ஐலண்டில் உள்ள அப்டனிலிருந்தே ஏவப்படுகிறது. ரேடாரில் பட்டைகள் எங்கே கட்டுகின்றன, எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை எவரும் பார்க்கலாம். இரவு ஏற ஏற, பட்டைகள் கிழக்கு லாங் ஐலண்டில் நிலைகொண்டு, மேற்கே நகர மறுப்பது தெளிவானது. புயலுக்கு 12 மணி நேரத்துக்கு முன், மாடலின் அடுத்த முடிவுக்காகக் காத்திருப்பதைவிட, ரேடாரைத் தொடர்ந்து பார்ப்பதே பயனுள்ளது என்பது அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வது. அன்றிரவு அதைக் கடைப்பிடித்தவர்கள் குறைவு. தெருவிளக்கின் வெளிச்சத்தில் விழும் துகள்களின் பருமனைப் பார்த்து, பட்டை வந்துவிட்டதா என்று ஊகித்துக்கொண்டிருந்தவர்களே அதிகம்.

செவ்வாய் அதிகாலைக்குள் நகரத்துக்கான எதிர்பார்ப்பு அளவுகள் வெட்டிக் குறைக்கப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவையும் நியூஜெர்சியின் பெரும்பகுதியையும் கவனிக்கும் மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் தலைவர் கேரி ஸட்கோவ்ஸ்கி, தங்கள் கணிப்பை நம்பிக் கடினமான முடிவுகளை எடுத்த அதிகாரிகளிடமும் பொதுமக்களிடமும் ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அரசு வானிலையாளர் ஒருவர் இவ்வளவு நேரடியாகப் பேசுவது அரிது. அதைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். அறிவியல் ரீதியான நிச்சயமின்மைக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நான் இரண்டாம் தரப்பினரோடு பாதி உடன்படுகிறேன்: கணிப்புக்கு மன்னிப்புத் தேவையில்லை, ஐயத்தை மறைத்த அறிவிப்பு முறைக்குத் தேவைதான். உச்செல்லினியும் மறுநாள் ஒப்புக்கொண்டது அதையே. நிச்சயமின்மையை மக்களுக்குத் தெளிவாகச் சொல்வதில் மேம்பட வேண்டியிருக்கிறது என்றார்.

இங்கே ஆர்வலருக்கு மட்டுமே உரிய ஒரு நடைமுறை விஷயம் உண்டு. பனி தன்னிடம் வராவிட்டால் பனியிடம் தான் போகலாம். மன்ஹாட்டனிலிருந்து சஃபோக் கவுண்டியின் மையப் பகுதிக்குச் சுமார் 50 மைல். லாங் ஐலண்ட் ரயில் திங்கட்கிழமை மாலை வரை ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மாடல்களும், ஜிஎஃப்எஸ் உட்பட, கிழக்கு லாங் ஐலண்டில் பெரும் பனியைக் காட்டின. சர்ச்சை முழுவதும் மேற்கு விளிம்பைப் பற்றியது மட்டுமே. அப்படியானால், உண்மையான பனிப்புயலை அனுபவிக்க விரும்பிய ஒருவர், மாடல்கள் முரண்படும் இடத்தில் உட்கார்ந்து எது வெல்லும் என்று பார்ப்பதற்குப் பதில், அவை ஒத்துப்போகும் இடத்துக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்கே உறவினர் வீடோ தங்கும் விடுதியோ இருந்தாலொழிய இது ஆகாது என்பதும், இரவு 11 மணிக்கு மேல் ரயிலும் சாலையும் மூடப்பட்டதால் மனம் மாறினாலும் திரும்ப வழியில்லை என்பதும் உண்மை. முடிவெடுக்க வேண்டிய கடைசி நேரத்தை அன்று நிர்ணயித்தது பயணத் தடைதான். மாடலின் நள்ளிரவு முடிவு, எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும், அந்த வகையில் பயனற்றது.

அளப்பவர்கள்

ஏமாற்றத்தைச் சமாளிக்க ஆர்வலர்கள் கண்டுகொண்ட வழிகளில் எனக்கு மிகவும் உருப்படியாகத் தோன்றுவது, அளக்கத் தொடங்குவது. 1997-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரைத் தாக்கிய வெள்ளத்துக்குப் பிறகு, 1998-இல் தொடங்கப்பட்ட கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பு, மழையையும் பனியையும் தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே அளந்து தினமும் அனுப்பும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டது. அளக்கும் முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. காற்று வாரிச் செல்லாத இடத்தில் வெள்ளை வண்ணம் பூசிய பலகையைக் கிடத்தி, அதன்மேல் சேர்ந்த பனியை அளவுகோலால் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு வரை குறித்துக்கொண்டு, பலகையைத் துடைத்துவிட வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது. அடிக்கடி துடைத்தால், தன் எடையாலேயே அமுங்கிக்கொள்ளும் பனி அமுங்காமல் கணக்கில் ஏறி, மொத்தம் உண்மையைவிட உயர்ந்துவிடும்.

இந்தப் பழக்கம் வந்தவருக்கு முன்னறிவிப்பைப் படிக்கும் கண்ணும் மாறிவிடுகிறது. ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்ற வாய்ப்பாட்டில்தான் பல வண்ணப் படங்கள் வரையப்படுகின்றன. கடுங்குளிரில் விழும் இலகுவான பனி 15 அங்குலத்தையும் தாண்டும். உறைநிலையை ஒட்டிய ஈரப் பனி 6, 7 அங்குலத்தில் நின்றுவிடும். மேல்மட்டத்தில் வெப்பக் காற்று நுழைந்து, துகள்கள் உருகி மீண்டும் உறைந்து கடினமான மணிகளாக விழும்போது, சில படங்கள் அதையும் அதே வாய்ப்பாட்டில் பனியாகக் கணக்கிட்டு, நடக்கவே முடியாத அளவுகளைக் காட்டுகின்றன. 2017 மார்ச் 14-இல் நியூயார்க்கில் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒன்றரை அடிக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட அன்று, உறைந்த மணிகள் கலந்து விழுந்ததால் சென்ட்ரல் பார்க்கில் சேர்ந்தது 7.6 அங்குலம். முந்தைய நாளே அளவு குறையக்கூடும் என்ற அறிகுறிகள் வானிலையாளர்களுக்குத் தெரிந்திருந்தும், கடைசி நேரத்தில் அறிவிப்பை மாற்றி மக்களைக் குழப்ப வேண்டாம் என்பதற்காக உயர்ந்த எண்ணிலேயே நின்றார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. 2015-இல் கிடைத்த பாடம் இரண்டே ஆண்டுகளில் எவ்வளவு தேய்ந்துபோயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் சில மாற்றங்கள் நிலைத்தன. எதிர்பார்க்கப்படும் அளவோடு, குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று மூன்று எண்களாகத் தரும் சோதனை முறை தேசிய வானிலை சேவையின் அலுவலகங்களில் பரவியது. குறைந்த எண் என்பது, பத்தில் ஒன்பது வாய்ப்பு அதைவிட அதிகம் விழும் என்பதையும், உயர்ந்த எண் என்பது, பத்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே அதைத் தாண்டும் என்பதையும் குறிக்கிறது. பனி ஆர்வலருக்கு இந்த மூன்றில் மிகவும் பயனுள்ளது குறைந்த எண்தான். மிகவும் குறைவாகப் பார்க்கப்படுவதும் அதுதான். இரண்டு ஓர எண்களுக்கும் இடையிலான இடைவெளி அகலமாக இருந்தால், தான் விளிம்பில் வாழ்கிறோம் என்பதைப் படத்தைப் பார்க்காமலேயே அவர் அறிந்துகொள்ளலாம்.

அடுத்த ஆண்டு

2016 ஜனவரி 22 முதல் 24 வரை வீசிய புயலின்போது, முந்தைய ஆண்டின் கசப்பு நியூயார்க் ஆர்வலர்களை விட்டு நீங்கியிருக்கவில்லை. இம்முறை வாஷிங்டன் நகரம் கடும் பனிப் பகுதியின் நடுவிலும் நியூயார்க் அதன் வடக்கு விளிம்பிலும் இருந்தன. புயலுக்கு முந்தைய நாள் நகரத்துக்குச் சொல்லப்பட்டது ஓர் அடியை ஒட்டிய அளவு. விளிம்பு தெற்கே நழுவினால் அதுவும் கிடைக்காது என்ற எச்சரிக்கையும் இருந்தது. 2015-இல் சூடுபட்ட பலர் அந்த அடியையே நம்பத் தயங்கினார்கள். விளிம்பு இம்முறை வடக்கே நகர்ந்தது. சனிக்கிழமை முழுவதும் பட்டைகள் நகரத்தின் மேலேயே நிலைகொண்டு, அறிவிப்புகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உயர்த்தப்பட்டு, இறுதியில் சென்ட்ரல் பார்க்கில் 26.8 அங்குலம் என்று பதிவானது. 2006 பிப்ரவரியில் பதிவான 26.9 அங்குலம் என்ற சாதனைக்கு அது பத்தில் ஓர் அங்குலம் குறைவு.

அந்தப் பத்தில் ஓர் அங்குலத்தைப் பற்றி ஆர்வலர்கள் புலம்பியதை வெளியாட்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஆனால் அளவீடுகள் பற்றிய ஐயம் அவர்களோடு நிற்கவில்லை. வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் அளக்கும் பலகையே பனிக்குள் புதைந்து தொலைந்துபோனதும், நெவார்க் விமான நிலையத்தின் பதிவும் கேள்விக்குள்ளானதும் சேர்ந்து, தேசிய வானிலை சேவை ஒரு மறுஆய்வை மேற்கொண்டது. நெவார்க்கின் 28.1 அங்குலம் ஏற்கத்தக்கதன்று என்று ஒதுக்கப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் அளந்தவர்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழையைக் கண்டறிந்து, 2016 ஏப்ரலில், மரங்கள் துளிர்த்த பிறகு, அந்தப் புயலின் அளவு 27.5 அங்குலமாகத் திருத்தப்பட்டது. நகர வரலாற்றின் மிகப் பெரிய பனிப்புயல் என்ற இடத்தை அது அப்போதுதான் பெற்றது.